54 மி.மீ. வாங்குங்கள், 98-ஐத் தள்ளிப்போடுங்கள்: பெரிய ராக்கெட் மோட்டார்கள், விலையும் தரமும்

கோயம்புத்தூரில் மோட்டார் என்றாலே கிணற்று மோட்டார்தான். கடையில் முதலில் கேட்பது "போர் எத்தனை இஞ்சுங்க?" என்றுதான். நாலு இஞ்சு என்றால் வி4, ஆறு இஞ்சு என்றால் வி6. எத்தனை ஸ்டேஜ், எத்தனை ஹெச்.பி. என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பொழுதுபோக்கு ராக்கெட்டுக்கு வாங்கும் பெரிய மோட்டாரும் இதே வரிசையில்தான் தேர்வாகிறது. முதலில் விட்டம்: 29, 38, 54, 75, 98 மி.மீ. அடுத்தது அந்தக் குழாய்க்குள் எத்தனை மருந்து உருளை (மருந்து என்றால் திட எரிபொருள்). பம்பில் ஸ்டேஜ் கூட்டினால் தண்ணீர் ஏறும் உயரம் கூடுவதுபோல, இங்கே உருளையைக் கூட்டினால் உந்துவிசை கூடும். எரியும் நேரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஏனென்றால் மருந்து நடுத்துளையிலிருந்து வெளிப்பக்கமாக எரிகிறது. எத்தனை உருளை அடுக்கினாலும் எரிய வேண்டிய தடிமன் ஒன்றுதான்.

இந்த மதிப்பாய்வு இரண்டு பேருக்கு உதவும். ஒருவர், 2017 முதல் நியூ மெக்சிகோவில் ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா கப் என்ற பெயரில் நடந்து 2025-இல் டெக்சாஸின் மிட்லண்டுக்கு மாறிய, கல்லூரி அணிகளுக்கான ஐரெக் ராக்கெட் போட்டிக்குப் போக நினைக்கும் கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துப் பொறியியல் கல்லூரி அணியினர். இன்னொருவர், அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறில் ராக்கெட் ஏவ ஆசைப்படும் நம்ம ஊர்க்காரர்.

ஊரிலேயே வாங்கி சூலூர்ப் பக்கம் ஏதாவது ஒரு காட்டில் ஏவலாமா என்றால், கூடாது. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் இருக்கின்றன. வெடிபொருளை இறக்குமதி செய்யவும் வைத்திருக்கவும் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமம் வேண்டும். கூரியரில் வரவழைப்பது, விமானப் பெட்டியில் கொண்டுவருவது, வீட்டில் மருந்து கலப்பது எல்லாமே வழக்கிலும் விபத்திலும் முடியும் வேலை. சூலூரில் விமானப்படைத் தளமும் பீளமேட்டில் விமான நிலையமும் இருக்கும் வானம் இது. மோட்டாரை அங்கேயே வாங்கி, அங்கேயே எரித்துவிட்டு வர வேண்டும். மற்ற எல்லாவற்றையும் இங்கே செய்யலாம், அமெரிக்காவில் செய்வதைவிட நன்றாகவும் மலிவாகவும் செய்யலாம். அதற்குப் பின்னால் வருகிறோம்.

பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஏரோடெக் நிறுவனத்தின் எம்1297டபிள்யூ என்ற மோட்டாரை எடுத்துக்கொள்வோம். எம் என்பது மொத்த உந்தத்தின் வகுப்பு; சராசரி உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கினால் வருவதுதான் மொத்த உந்தம். 1297 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். டபிள்யூ என்பது மருந்தின் வகை, ஒயிட் லைட்னிங். இதன் மொத்த உந்தம் சுமார் 5,400 நியூட்டன்-நொடி. அதை 1297-ஆல் வகுத்தால் நாலு நொடிக்குச் சற்று மேல் எரியும் என்று தெரிந்துவிடும். எழுத்து ஒன்று ஏறினால் மேல்வரம்பு இரட்டிக்கும்: ஹெச் 320 வரை, ஐ 640, ஜே 1,280, கே 2,560, எல் 5,120, எம் 10,240, என் 20,480, ஓ 40,960. இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 5,121-உம் எம்தான், 10,240-உம் எம்தான். "எம் மோட்டார் என்ன விலை" என்று கேட்டு வாங்கும் பதில் அணியின் பட்ஜெட்டை இரண்டு மடங்கு மாற்றிவிடும். எழுத்தைக் கேட்காதீர்கள், நியூட்டன்-நொடியைக் கேளுங்கள்.

யார் வேண்டுமானாலும் போய் வாங்கிவிடவும் முடியாது. நார், டிரிப்போலி என்ற இரண்டு சங்கங்கள் அமெரிக்காவில் சான்று தருகின்றன. முதல் நிலைச் சான்று இருந்தால் ஹெச், ஐ. எழுத்துத் தேர்வு எழுதி இரண்டாம் நிலை வாங்கினால் ஜே, கே, எல். எம்-மும் அதற்கு மேலும் மூன்றாம் நிலை. அதற்கு ராக்கெட்டின் வடிவமைப்பை இரண்டு மூத்தவர்கள் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் ராக்கெட்டை ஏவி, குடை (பாராசூட்) விரிந்து, சேதமில்லாமல் திரும்ப எடுத்துக் காட்டினால்தான் சான்று. கல்லூரி அணிகள் மோட்டாரை முதலில் தேர்ந்துவிட்டு, கடைசி மாதத்தில் மூன்றாம் நிலைக்காரர் ஒருவரைத் தேடுவது தலைகீழ் வேலை. அந்த ஆள் கிடைத்த பிறகுதான் எம் மோட்டாரைப் பற்றிப் பேசவே வேண்டும்.

இனி விலை. கீழே சொல்வது அமெரிக்க விற்பனையாளர்களிடம் காணும் ஏறத்தாழ விலை. கடைக்குக் கடை, ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று கணக்கு.

ஹெச்128டபிள்யூ என்ற 29 மி.மீ. மருந்துப் பொதி 40 டாலர், அதாவது 3,400 ரூபாய் சுற்றி. மொத்த உந்தம் சுமார் 173. ஒரு நியூட்டன்-நொடிக்கு 20 ரூபாய் ஆகிறது. 54 மி.மீ. கே550டபிள்யூ 160 டாலர் பக்கம். உந்தம் சுமார் 1,540. ஒரு நியூட்டன்-நொடி 9 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. 75 மி.மீ. எம்1297டபிள்யூ 400 முதல் 450 டாலர், நம்ம கணக்கில் 34,000 முதல் 38,000 வரை. ஒரு நியூட்டன்-நொடி 6, 7 ரூபாய்தான். 98 மி.மீ. குழாயை நிரப்பும் முழு எம் என்றால் 60,000 முதல் 72,000 வரை போகும். என் மோட்டார் லட்சத்தைத் தொடும்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் பலர் பெரியதே லாபம் என்று முடிவுகட்டுகிறார்கள். மூட்டையாக வாங்கினால் மலிவு என்ற மளிகைக் கணக்கு அது. இங்கே சரிவராது, ஏனென்றால் விலைச்சீட்டில் இருப்பது மருந்துப் பொதியின் விலை மட்டும். அந்த மருந்தைப் போடும் அலுமினியக் கேஸ், இரண்டு பக்க மூடிகள், 75-க்கும் 98-க்கும் முன்பக்க அடைப்புத் தட்டு எல்லாம் தனி. 29 மி.மீ. கேஸ் தொகுதி 80 முதல் 120 டாலர். 38-க்கு 100 முதல் 180. 54-க்கு 200 முதல் 280. 75-க்கு 450 முதல் 550. 98-க்கு 600-இல் தொடங்கி 800-ஐத் தாண்டும். 54-இலிருந்து 75-க்குப் போகும்போது விலை ஒரேயடியாக இரட்டிப்பதைக் கவனியுங்கள். ராக்கெட் உடலும் அதே இடத்தில்தான் குதிக்கிறது. 54 மி.மீ. மோட்டாருக்கு நாலு இஞ்சு உடல் தாராளம். 98 மி.மீ. மோட்டாருக்கு ஆறு இஞ்சு உடல், தடித்த கண்ணாடியிழை, பெரிய குடை, ராக்கெட் சறுக்கி ஏறும் 1515 என்ற தடித்த ஏவு தண்டவாளம், தூக்க நாலு ஆள்.

அடுத்தது ஹாஸ்மேட் கட்டணம். ஆபத்தான சரக்கு என்பதால் ஒவ்வொரு பெட்டிக்கும் சாதாரண அனுப்புகூலிக்கு மேல் 30 முதல் 50 டாலர் தனியாக வாங்குவார்கள். பெட்டிக்குத்தான் கட்டணம், பொருளுக்கு இல்லை. ஒரே ஒரு 40 டாலர் பொதியை வரவழைத்தால் கட்டணமும் விலையும் சமம். ஆறு பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் வாங்கினால் ஆளுக்கு 5 முதல் 8 டாலரோடு போகும். இதைவிட நல்ல வழி, ஏவுதளத்துக்கே சரக்கு கொண்டுவரும் விற்பனையாளரிடம் முன்பதிவு செய்துவைத்து அங்கே கையில் வாங்குவது. ஊரிலிருந்து போகும் அணிக்கு இது ஒன்றே வழி என்றும் சொல்லலாம். போட்டிக்கு நாலைந்து மாதம் முன்பே மோட்டாரின் முழுப் பெயரும் மாற்று மோட்டார் ஒன்றின் பெயரும் எழுதி உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய பொதிகள் எப்போதும் அலமாரியில் இருப்பதில்லை, தொகுதி தொகுதியாகத்தான் வருகின்றன. மாற்று மோட்டாரையும் சேர்த்து முன்கூட்டியே பறப்புக் கணக்குப் போட்டு வைத்திருந்தால்தான் கடைசி வாரத்தில் பதற்றம் இருக்காது.

மூன்றாவது செலவு, மின்னணு. சிறிய மோட்டார்களில் மருந்து எரிந்து முடிந்ததும் ஒரு தாமதக் கட்டி எரிந்து, குடையைத் தள்ளும் வெடிமருந்தைப் பற்றவைக்கும். 75, 98 மி.மீ. மோட்டார்களில் இந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள். முன்பக்கம் அடைத்திருக்கும், புகை தரும் கட்டி மட்டும் இருக்கும். குடை விரிய வேண்டுமானால், உயரத்தை அளந்து அந்த வெடிமருந்தைப் பற்றவைக்கும் உயரமானி கட்டாயம். ஒன்று போதாது, தனித்தனி பேட்டரி, தனித்தனி சுவிட்ச், தனித்தனி மருந்தோடு இரண்டு வேண்டும். பெர்ஃபெக்ட்ஃப்ளைட், மிஸைல்வொர்க்ஸ், ஆல்டஸ் மெட்ரம் எல்லாமே நம்பத் தகுந்தவை. இரண்டையும் வேறு வேறு கம்பெனியில் எடுப்பது நல்லது, ஒரே மென்பொருள் கோளாறு இரண்டையும் முடக்காது.

இப்போது கேஸுக்கு வருவோம். கோவைக்காரர் கையில் அந்த அலுமினியக் குழாயைக் கொடுத்தால் முதல் எண்ணம் என்னவாக இருக்கும் என்று தெரியும். "இதுக்கா 500 டாலர்? ஆவாரம்பாளையத்துல ஒரு பட்டறையில கொடுத்தா சாயங்காலத்துக்குள்ள கடைஞ்சு குடுத்துருவாங்க." கடைந்து கொடுத்துவிடுவார்கள்தான், அந்தத் திறமையில் சந்தேகமில்லை. ஆனாலும் கேஸை இங்கே செய்யாதீர்கள். முதல் காரணம், மோட்டாருக்கான சான்று மருந்து, நாசில் (வாயு வெளியேறும் முனை), லைனர் (கேஸுக்குள் மருந்தைச் சுற்றி வரும் உட்குழாய்), கேஸ், மூடி எல்லாம் சேர்ந்த தொகுதிக்குத்தான் தரப்படுகிறது. வேறு கேஸில் போட்ட மருந்து சான்றில்லாத மோட்டார். ஏவுதளத்தில் பாதுகாப்பு அதிகாரி கையை வைத்தே பார்க்க மாட்டார். இரண்டாவது காரணம் உலோகம். நல்ல கேஸ்கள் 6061-டி6 போன்ற கலவையில், தையல் இல்லாமல் இழுத்த குழாயில் செய்யப்படுகின்றன. சந்தையில் அதே எண் போட்டுக் கிடைக்கும் குழாய் டி6 அளவுக்குச் சூடேற்றிப் பதப்படுத்தியதா என்பது கண்ணுக்குத் தெரியாது. பதம் குறைந்த அலுமினியம் அழுத்தத்தில் உப்பும், மரை வழுக்கும், மூடி பின்னால் பறக்கும். எரியும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் மிக அதிகம். மூன்றாவது, வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓரிங் உட்காரும் பரப்பின் வழவழப்பு. ஒரு நீளக் கீறல் போதும், சூடான வாயு அதன் வழியாகவே பாதை பிடித்துக்கொள்ளும்.

கேஸ் செலவைக் குறைக்க நேர்வழியே இருக்கிறது. நீளமான ஒரு கேஸை வாங்கி, இடைவெளி நிரப்பியோடு குட்டைப் பொதிகளையும் அதில் போடலாம். ஏரோடெக்கில் இதற்கு ராஸ் என்ற மிதக்கும் முன்மூடித் தொகுதி உண்டு. செசரோனியில் ஸ்பேசர்கள். எந்தக் கேஸில் எந்த அளவு வரை இறங்கலாம் என்ற அனுமதிப் பட்டியலுக்குள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். 54 மி.மீ. நீளக் கேஸ் ஒன்று வைத்திருப்பவர் ஜே-யிலிருந்து கே-வின் மேல்பகுதி வரை அதிலேயே ஓட்டலாம். மூடிகளும் ஒரே விட்டத்துக்குள் பொது. மூன்று ஆண்டு பறக்கப் போகிறீர்கள் என்றால் செலவு பண்ண வேண்டிய இடம் இதுதான்.

கம்பெனிகளைப் பற்றி.

ஏரோடெக், யூட்டா மாநிலம் சீடர் சிட்டி. 2001 அக்டோபரில் லாஸ் வேகாஸில் இருந்த இவர்கள் ஆலை தீப்பிடித்து எரிந்து, பல மாதம் உலகம் முழுக்க மோட்டார் பஞ்சம் வந்தது. அதற்குப் பிறகும் மிகப் பெரிய தேர்வு இவர்களிடம்தான். கே550டபிள்யூ, ஜே350டபிள்யூ, எம்1297டபிள்யூ மூன்றும் ஆண்டுக்கணக்காக நடத்தை தெரிந்த மோட்டார்கள். பொருத்தும் வேலை உங்கள் கையில்: கிரீஸ், ஓரிங், லைனர் எல்லாம் நீங்கள்தான். கவனமுள்ளவருக்கு இது குறையே இல்லை, மோட்டாருக்குள் என்ன நடக்கிறது என்று கற்றுத் தரும்.

செசரோனி, கனடாவின் ஒன்டாரியோ. 38, 54-இல் மருந்தெல்லாம் ஆலையிலேயே லைனருக்குள் பொருத்தி வரும். கேஸுக்குள் நுழைத்து மரையை இறுக்கினால் முடிந்தது, ஐந்து நிமிட வேலை. மருந்தைப் பற்றவைக்கும் இக்னைட்டரும் கூடவே வரும். பெயரிலேயே மொத்த உந்தத்தை எழுதிவிடுவது இவர்களின் நல்ல பழக்கம். தாமத நேரத்தைக் குறைக்க அவர்கள் தரும் துளைக்கருவி நேர்த்தியானது. முதல்முறை பறப்பவருக்கு இதைத்தான் பரிந்துரைப்போம், கிடைக்கும் என்ற உறுதி இருந்தால். விலை கொஞ்சம் கூட.

லோக்கி ரிசர்ச். கிராஃபைட் நாசில், மூடியைப் பிடிக்க மரைக்குப் பதில் சர்க்கிளிப் (பள்ளத்தில் உட்காரும் எஃகு வளையம்). நாசிலை மறுபடி மறுபடி பயன்படுத்தலாம் என்பதால் அடிக்கடி பறப்பவருக்குச் செலவு இறங்கும். சர்க்கிளிப் பிளையர் பிடிக்கத் தெரிந்த கைக்கு இது சுலபம். 76 மி.மீ. கேஸ் என்று போட்டிருந்தால் உங்கள் 75 மி.மீ. குழாய்க்குள் போகுமா என்று அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஏரோடெக்கின் டிஎம்எஸ். ஒருமுறை எரித்துவிட்டுத் தூக்கிப்போடும் மோட்டார். கே535டபிள்யூ, எல்1000டபிள்யூ இரண்டும் 54 மி.மீ. இந்த வகைதான். மருந்துப் பொதியைவிட 50, 60 டாலர் கூட இருக்கும், ஆனால் கேஸ் வாங்க வேண்டியதில்லை. 250 டாலர் கேஸ் தன் விலையை மீட்க நாலு, ஐந்து பறப்பு ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பறக்கும் கல்லூரி அணிக்கு அந்த நாலாவது பறப்பு வரும்போது முதல் அணியில் இருந்தவர்கள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள். அவர்களுக்கு டிஎம்எஸ்தான் சரி. பொருத்துவதில் தவறு செய்யும் வாய்ப்பும் போய்விடும்.

மருந்து வகைக்கு ஒரு வார்த்தை. ஒயிட் லைட்னிங் சுலபமாகப் பற்றும், வெள்ளைப் புகை விடும், எதற்கும் ஏற்றது. ப்ளூ தண்டர் புகையில்லாமல் வேகமாகத் தள்ளும், கனமான ராக்கெட்டுக்கு ஏற்றது. ரெட்லைன் பார்க்க அழகு. பிளாக் ஜாக், மோஜாவே கிரீன் இரண்டும் பற்றவைக்கச் சிரமம் தருபவை. நிறத்துக்காக இவற்றை வாங்கிவிட்டு மெலிந்த இக்னைட்டரைப் போட்டால் ராக்கெட் ஏவுதளத்திலேயே இருமிக்கொண்டு நிற்கும்.

எத்தனை கிலோவைத் தூக்கும்? பொதுவான விதி, உந்துவிசை எடையைப் போல ஐந்து மடங்கு இருக்க வேண்டும். சராசரி நியூட்டனை 49-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். ஹெச்128 என்றால் 2.6 கிலோ, ஜே350 என்றால் 7 கிலோ, கே550 என்றால் 11 கிலோ, எம்1297 என்றால் 26 கிலோ. ஆனால் ஐரெக் அணிகள் இந்தக் கணக்கோடு நின்றால் மாட்டிக்கொள்வார்கள். தண்டவாளத்தை விட்டு வெளியேறும்போது நொடிக்கு 100 அடி, அதாவது 30.5 மீட்டர் வேகத்தை அங்கே எதிர்பார்க்கிறார்கள். ஐந்து மீட்டர் ஓட்டத்தில் அந்த வேகம் பிடிக்க வேண்டுமானால் உந்துவிசை எடையைப் போல பத்து மடங்குக்கு மேல் வேண்டும். 20 கிலோ ராக்கெட்டில் எம்1297-ஐப் போட்டால் ஆறரை மடங்குதான், வேகம் 24 மீட்டரோடு நிற்கும். அதே எடைக்கு எம்2500டி போன்ற 98 மி.மீ. ப்ளூ தண்டர் வேண்டியிருக்கும். இல்லையென்றால் ராக்கெட்டின் எடையைக் குறையுங்கள். இரண்டாவதுதான் எப்போதும் மலிவு. ஐந்து கிலோ எடையைக் கூட்டிவிட்டு அதைத் தூக்க 75-இலிருந்து 98-க்கு ஏறுவது வண்டியை மாற்றாமல் மாட்டை மாற்றுவது போன்றது.

பொருத்தும்போது எங்கே தவறு நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், காசு கரைவது இங்கேதான். ஏரோடெக் 75 மி.மீ.-ஐ எடுத்துக்கொள்வோம். முதலில் லைனர் குழாயின் இரண்டு உள்விளிம்பிலும் பிசிர் எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அடைப்புத் தட்டின் ஓரிங்கை அது சீவிவிடும். பிறகு மருந்து உருளைகளை லைனருக்குள் விட்டு, இரண்டு உருளைக்கு நடுவில் மெல்லிய ஓரிங்கை இடைவெளிக்காக வைக்க வேண்டும். உருளைகளின் முகப்பும் உடனே பற்றுவதற்குத்தான் அந்த இடைவெளி. ஒரு பக்கம் அடைப்புத் தட்டு, மறுபக்கம் நாசில். லைனரின் வெளிப்பக்கத்தில் மெல்லிய கிரீஸ் பூசிக் கேஸுக்குள் தள்ளுங்கள். இந்தக் கிரீஸ் சீராக இருந்தால்தான் எரிந்த பிறகு லைனர் கழன்று வரும். முன்பக்கத் தடித்த ஓரிங்கை வைத்து முன்மூடியை முதலில் முழுக்க இறுக்கிவிட்டு, அப்புறம்தான் பின்பக்க ஓரிங்கும் பின்மூடியும். வரிசை மாறினால் முன் ஓரிங் சரியாக நசுங்காது. பின்மூடிக்கும் கேஸ் விளிம்புக்கும் நடுவில் நூலிழை இடைவெளி தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. முன்பக்கம் அப்படித் தெரிந்தால் கழற்றிப் பாருங்கள்.

கிரீஸ் விஷயத்தில் இரண்டு தவறும் நடக்கிறது. குறைத்துப் பூசினால் ஓரிங் மடிந்து கிள்ளப்படும். அந்த மடிப்பு வழியாக முன்பக்கம் வாயு கசிந்தால் அலுமினியத்தில் ஓட்டை விழ வெகு நேரம் ஆகாது, தீ நேராக ராக்கெட்டின் உடலுக்குள் போகும். அதிகம் பூசி, அந்தக் கையோடு மருந்தின் நடுத்துளையைத் தொட்டால் அந்த இடம் பற்றாது. ஓரிங்குகளைப் பொதி பிரித்ததும் ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, குறிப்பேட்டில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பிறகே தொடங்குங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் பொருத்த, மூன்றாமவர் பார்த்துக் குறியிடுவது நல்ல முறை. பேச்சுக் கொடுப்பவரைக் கூடாரத்துக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

இக்னைட்டரைக் கடைசியாக, ஏவுதளத்தில் ராக்கெட் நிமிர்ந்து நின்ற பிறகுதான் வைக்க வேண்டும். மெல்லிய மரக்குச்சியில் ஒட்டி, உச்சி உருளையைத் தாண்டி மேலே முட்டும் வரை ஏற்றுங்கள். எவ்வளவு தூரம் ஏற வேண்டும் என்று முன்பே குச்சியில் குறி போட்டிருக்க வேண்டும். பாதி வழியில் நின்றால் கீழ் உருளைகள் மட்டும் பற்றும், அழுத்தம் ஏறாது, அணைந்து பற்றி அணைந்து பற்றி ராக்கெட் மெதுவாக நகர்ந்து தண்டவாளத்தை விட்டு விழும். மோட்டாரே வெடித்துப் போவதைவிட இது அதிகம் நடக்கிறது, காரணம் பெரும்பாலும் இதே சின்ன வேலைதான்.

எரிந்து முடிந்த கேஸை அன்றைக்கே கழுவ வேண்டும். புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. படிந்த கரியை ஒரு வாரம் விட்டால் மரைக்குள் இறுகி, அலுமினியத்தையும் அரிக்கும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் போதும். காஸ்டிக் சோடா கலந்த எதையும் தொடாதீர்கள், அது அலுமினியத்தைத் தின்றுவிடும். கம்பி நாரால் ஓரிங் இடத்தைத் தேய்க்கவும் கூடாது. ஓரிங், லைனர், பினாலிக் நாசில் மூன்றும் ஒருமுறைக்குத்தான். கரி ஒட்டிய கேஸை விமானப் பெட்டியில் வைக்க வேண்டாம். வழிகாட்டும் மூன்றாம் நிலைக்காரரிடமே விட்டுவருவது எளிது.

மோட்டார் எரிந்து கேஸ் பாழானால் என்ன? மெஸ் என்ற கோளாறு அறிக்கையை எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள், பாகங்களின் படத்தோடு. தயாரிப்புக் குறை என்று தெரிந்தால் மருந்தையும் கேஸையும் மாற்றித் தருவது இந்தத் தொழிலில் வழக்கம். ராக்கெட்டின் உடலுக்கும் உயரமானிக்கும் யாரும் பொறுப்பில்லை. 98 மி.மீ.-ஐத் தள்ளிப்போடச் சொல்வதற்கு இதுவும் காரணம். 54-இல் ஒரு தவறு 50,000 ரூபாயோடு போகும். 98-இல் அதே தவறு இரண்டு, மூன்று லட்சம்.

இனி ஊரில் செய்ய வேண்டியவை. மோட்டார் பிடிப்பான், மையவளையங்கள், மூக்கு முனை, உயரமானித் தட்டுகள் எல்லாம் அழுத்தம் தாங்க வேண்டியவை அல்ல. கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் இருக்கும் சிறு பட்டறைகளுக்கு இது அன்றாட வேலை. 35 முதல் 70 டாலர் விலை போகும் பிடிப்பானை அலுமினியத்தில் இங்கே கடைந்துகொள்ளலாம். வரைபடத்தில் மோட்டார் கேஸின் பின்மூடி விளிம்பு விட்டத்தை மட்டும் தயாரிப்பாளர் தந்த அளவில் துல்லியமாகக் கொடுங்கள். "54" என்று எழுதிக்கொடுத்து, விளிம்புக்கு இடம் விடாமல் போய்ச் சேர்ந்த பிடிப்பான் அங்கே உதவாது. ராக்கெட்டைத் தண்டவாளத்தோடு பிடித்துவைக்கும் பொத்தான்களை டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் கடையச் சொல்லுங்கள்.

குடை தைக்கத் திருப்பூரை விட்டால் வேறு ஊர் இல்லை. ஆனால் பனியன் தைக்கும் ஓவர்லாக்கும் ப்ளாட்லாக்கும் இதற்கு ஆகாது, அவை இழுபடும் துணிக்கான தையல். ரிப்ஸ்டாப் நைலானுக்கு ஒற்றை ஊசி மெஷினில், விளிம்பை மடித்து மடித்துப் போடும் இரட்டைத் தையல் வேண்டும். நூல் நைலான் அல்லது பாலியெஸ்டர், பருத்தி வேண்டாம். 11 கிலோ ராக்கெட் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்க, தட்டைக் குடை என்றால் ஏறத்தாழ 2.8 மீட்டர் விட்டம் வேண்டும். தைத்ததைச் சோதிக்க ஆடிக் காற்று இலவசமாக வீசுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்றில், தென்னை இல்லாத வெட்டவெளிக் காட்டில், கயிற்றை ஒரு வண்டியின் கொக்கியில் கட்டிக் குடையை விரித்துப் பாருங்கள். கயிறு சிக்குகிறதா, எந்தத் தையல் முதலில் விடுகிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கையால் பிடிக்க வேண்டாம், இழுத்துப் போட்டுவிடும். குடையைத் தள்ளும் வெடிமருந்துச் சோதனையை மட்டும் இங்கே செய்யாதீர்கள், அதுவும் உரிமத்துக்குள் வரும் பொருள். உடலின் இரண்டு பகுதிகள் எவ்வளவு இழுவிசையில் பிரிகின்றன என்பதை ஒரு தொங்கு தராசால் அளந்து எழுதிக்கொண்டு போனால், அங்கே மருந்தின் அளவை மூத்தவரோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம்.

எங்கள் மதிப்பெண்: 38 மி.மீ. கற்றுக்கொள்ளவும் முதல் சான்றுக்கும், பத்துக்கு 8. 54 மி.மீ. பத்துக்கு 9, காசுக்குக் கிடைக்கும் உயரத்திலும் தவறைத் தாங்கும் தன்மையிலும் இதற்கு ஈடில்லை. 75 மி.மீ. 7, மூன்றாம் நிலைக்காரர் பக்கத்தில் இருந்தால் மட்டும். 98 மி.மீ. முதல் ஆண்டு அணிக்கு 4, மூன்றாம் ஆண்டு அணிக்கு 7. முதல் ஆண்டில் 54 மி.மீ. டிஎம்எஸ் இரண்டு முன்பதிவு செய்யுங்கள், ஒன்று பறக்க, ஒன்று மழையோ காற்றோ கெடுத்த நாளுக்கு மறுநாள் மறுபடி முயல. பயன்படாத மோட்டாரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று முன்பதிவின்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.